லைன்மேன் வேதையனுக்குச் சாத்திய கவசம்

மணல்துறையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை எங்கள் தெருவில் பாதிப் பேர் தலையில் தோல் தொப்பியோடும் மார்பில் இரும்புத் தகட்டோடும் தூங்கி எழுந்தார்கள். அதைப் பார்த்து யாரும் மயங்கி விழவில்லை, யாரும் ஓடவில்லை, டீக்கடை வழக்கமான நேரத்துக்குத்தான் திறந்தது. சித்திரவேல் மாமா டீ ஆற்றும்போது முழங்கை தகட்டில் இடித்து டங் டங்கென்று சத்தம் வந்தது, கொஞ்சம் சிந்தியது, அதனால் அன்றைக்கு எல்லோருக்கும் கிளாஸில் ஒரு விரல் குறைந்தது. அவ்வளவுதான் சேதம்.

காரணம் நான்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. என் பெயர் அபிநயா, பதினொன்றாம் வகுப்பில் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். ஏன் விட்டாய் என்று கேட்டால், பிடிக்கவில்லை என்பதுதான் பதில், அதற்குப் பின்னால் கதை எதுவும் இல்லை. விட்ட பிறகு, மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து அப்பா தோளில் தூக்கிவந்து வைத்த பழைய கம்ப்யூட்டரில் குகைக்கோட்டை என்று ஒரு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். குள்ளர்கள் மலையைக் குடைந்து ஊர் கட்டுவார்கள். அவர்களுக்குச் சோறு உண்டு, கல்யாணம் உண்டு, சாவு உண்டு. பூதங்கள் வந்து கதவை இடிக்கும்போது எதிரே நிற்கிற வீரர்களுக்கு என்ன கவசம், எதற்கு மேல் எது என்று நாம்தான் சொல்ல வேண்டும். அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுவார்கள், ஏனென்றால் மேலே போட வேண்டியதை முதலில் போட்டுவிட்டால் கீழே போட வேண்டியது உள்ளே நுழையாது. உடம்போடு துணி, துணிக்கு மேல் இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய வளையச் சட்டை, அதற்கு மேல் மார்புத்தகடு, அதற்கு மேல் தோல் அங்கி, எல்லாவற்றுக்கும் மேல் போர்வை. கழற்றும்போது மேலிருந்து கீழே. ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு கேள்வியும் வரும்: கவசம் ஆடைக்கு மேலா, ஆடைக்குப் பதிலா? பதில் என்று சொன்னால் உள்ளே துணி போய்விடும், ஆனால் இன்னொரு அடுக்கு இரும்புக்கு இடம் கிடைக்கும்.

வீரர்களுக்குப் பெயர் யோசிக்கச் சோம்பலாக இருந்ததால் தெருக்காரர்கள் பெயரையே வைத்தேன். வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் தெரு கவசத்தோடு எழுந்தது.

"யாரு வேலை இது?" என்று தெருமுனையில் கேட்டார்கள். "நான்தான்" என்றேன். சித்திரவேல் மாமா தன் மார்புத்தகட்டைத் தட்டிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமைன்னா அம்மனுக்கு வெள்ளிக் கவசம் சாத்துறோம். நமக்கு ஒருநா இரும்புல சாத்துனா என்ன கெட்டுப்போச்சு? ஏன் புள்ள, கழுத்துகிட்ட மட்டும் கொஞ்சம் இறுக்குது, லூசு பண்ண முடியுமா?" என்றார். கம்ப்யூட்டரில் ஒரு அளவு பெரிதாக மாற்றினேன், அவர் கழுத்தில் லூசானது. ஊர் அதோடு சமாதானமாகிவிட்டது.

கடற்காற்றில் இரும்பு துரு பிடிக்கும் என்பதால் வீட்டுக்கு வீடு தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தார்கள், தெருவே எண்ணெய்ச் சட்டி மாதிரி மணந்தது, வளையச் சட்டை சலசலக்கிற சத்தத்தை வைத்தே வருவது யார் என்று தெரிந்ததால் புறணி பேசுகிறவர்களுக்கு வசதியானது. டவுன் பஸ் கண்டக்டர் கவசத்துக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார், இது என் தோல் மாதிரி, கழன்றால் நானே கழற்றிக் கீழே வைக்கமாட்டேனா என்று பெண்கள் சண்டை போட்டார்கள். அது உண்மை. கையால் இழுத்தால் வராது, கொக்கியும் கிடையாது, தையலும் கிடையாது, கம்ப்யூட்டரில் நான் எடுத்தால்தான் வரும். விசாரிக்க வந்த போலீஸ்காரர் ஜீப்பிலிருந்து இறங்கி, எல்லாவற்றையும் பார்த்து, எழுத எதுவும் கிடைக்காமல், திரும்பிப் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எம் பையன் பைக்ல ரொம்ப வேகமாப் போறாம்மா" என்றார். அவர் பையனுக்கும் ஒரு தலைக்கவசம் போட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று. தனக்கென்று கேட்டால் வராது. சித்திரவேல் மாமா தனக்கு முழங்கால் காப்பு கேட்டார், நானும் போட்டேன், ஸ்கிரீனில் இருந்த குள்ளன் போட்டுக்கொண்டான், மாமாவின் முழங்கால் வெறுமையாகவே இருந்தது. அவர் மனைவி வந்து, "அவருக்கு முட்டி வலி, போட்டுவிடு" என்றதும் வந்தது. அதற்குப் பிறகு வெறுந்தலையோடு தெருவில் நடப்பது கொஞ்சம் கூச்சமான விஷயமாகிவிட்டது, உனக்காக எவரும் கேட்கவில்லை என்று அர்த்தம் அல்லவா. ஐஸ் கம்பெனி மீரான் பாய் தனியாள், அவர் தலையில் தொப்பிக்கு மேல் எதுவும் இல்லாமல் வந்தபோது அப்பாதான் வாசலில் நின்றபடியே, "அபி, பாய்க்கு ஒண்ணு போடு" என்றார். பள்ளிக்கூடத்தில் என்னைத் திரும்பச் சேர்க்கிறதற்காக வாராவாரம் வீட்டுக்கு வந்து தோற்றுப்போகிற எஸ்தர் டீச்சருக்கு அவரிடம் படித்த பிள்ளைகள் எல்லோரும் கேட்டார்கள், டீச்சரால் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை.

எனக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் போட்டுக்கொண்டிருப்பேன். அம்மா ஒரு தடவை கேட்கிற மாதிரி வந்து, அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, மீன் அலசப் போய்விட்டாள். அப்பா கேட்கவே இல்லை. எனக்கு அது உறுத்தியது. உறுத்தாத மாதிரி நடந்துகொண்டேன்.

அப்பா பெயர் வேதையன், எங்கள் ஊர் லைன்மேன். தன் விஷயத்தில் அவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "கரண்டுக்காரனுக்கு இரும்பு ஆகாது. துணியும் ரப்பரும் போதும்." அம்மாவுக்காக ஒரு தோல் தொப்பியை மட்டும் ஒத்துக்கொண்டார்.

கவசம் தானாகவும் விழும் என்பதைத் தமயந்தி அக்காதான் காட்டிக்கொடுத்தாள். அவள் புருஷன் ஜெகன் கடலுக்குப் போகிறவன். அவனுக்குத் தலைக்கவசம் கேட்டவளே ஒருநாள் சண்டையில், "எக்கேடும் கெட்டுப் போ, நான் கேட்டது தண்டம்" என்று கத்தினாள், கவசம் அசையவில்லை. மறுநாள் அவன் வலை நிறைய கிழங்கான் மீனோடு கரையேறி, அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். அவளும் சிரித்துவிட்டாள், அவன் தலைக்கவசம் கழன்று உருண்டு ஒரு நண்டு வளையின் மேல் கவிழ்ந்தது. வாயால் சொன்னால் விழாது, கேட்டவருடைய நெஞ்சு பயத்தை விட்டால் தானாக விழும் என்று ஊர் புரிந்துகொண்டது. பிறகு அவள் உடனே வந்து புதிதாக ஒன்று கேட்டாள், அவள் பயம் அவ்வளவு நேரம்தான் விட்டிருந்தது.

அப்புறம் ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்தது. படகுகள் எல்லாம் திரும்பிவிட்டன, ஜெகனும் இன்னும் மூன்று பேரும் போன படகு மட்டும் வரவில்லை. காலையில் மழை பிடிப்பதற்குள் அப்பா கயிறும் வெட்டுக்கத்தியும் எடுத்துக்கொண்டு கரண்டு ஆபீஸுக்குக் கிளம்பினார். புயலில் ஊரே உள்ளே இருக்கும், வெளியே நிற்பவர் அவர் ஒருத்தர்தான். மரம் விழும், தகரம் பறக்கும்.

அவர் தலை மறைந்ததும் என் ஜன்னலுக்கு ஆள் வரத் தொடங்கியது. ஒவ்வொருவரும் தனியாக, யாரும் பார்க்காத மாதிரி.

"வேதையன் தம்பிக்கு ஒரு மார்புத்தகடு போடும்மா. அவர்கிட்ட சொல்லாத" என்றார் மீரான் பாய்.

"தோல் அங்கி ஒண்ணு. தகரம் பறந்து வந்தா கிழிச்சிரும் பாரு" என்றார் சித்திரவேல் மாமா.

எஸ்தர் டீச்சர் போர்வை கேட்டார், மழைக்கு. தமயந்தி அக்கா தலைக்கவசம் கேட்டாள், அவளுக்கு இருந்த கவலையில் என் அப்பாவையும் நினைக்க இடம் இருந்திருக்கிறது. அம்மா கடைசியாக வந்தாள். அப்பாவின் இடது கையில் பழைய தீக்காயத் தழும்பு ஒன்று உண்டு. "கைக்கு ஏதாவது" என்றாள், "இரும்பா இருந்தாலும் பரவால்ல."

நானும் ஒன்று சேர்த்தேன். வளையச் சட்டை. எல்லாவற்றுக்கும் அடியில் போக வேண்டியது அதுதான். இவ்வளவும் உள்ளே நுழைய இடம் போதவில்லை, அதனால் ஆடைக்குப் பதில் என்று அழுத்தினேன். கம்பம் ஏற வேண்டி வந்தால் நிமிஷத்தில் கழற்றிவிடலாம் என்று நினைத்தேன். கழற்ற கம்ப்யூட்டர் வேண்டும், கம்ப்யூட்டருக்குக் கரண்ட் வேண்டும், கரண்டுக்கு அப்பா வேண்டும். இது எனக்குத் தோன்றவில்லை. ஜன்னலுக்கு வந்த யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊருக்கு இப்படித்தான் பாசம் வைக்கத் தெரியும், ஆளை அசைய விடாமல்.

காற்று வந்தது. கம்ப்யூட்டர் அணைந்தது. புயல் எங்கள் தெருவைத் தாண்டித் தெற்கே போய்விட்டு, மழையை மட்டும் விட்டுவைத்தது. சாயங்கால வெளிச்சம் மங்கும்போது அப்பா தெருவில் நடந்து வந்தார். நடந்து என்று சொல்ல முடியாது, பீரோவை நகர்த்துவது மாதிரி தன்னை நகர்த்திக்கொண்டு வந்தார். ஒவ்வோர் அடிக்கும் சேற்றில் கால் புதைந்தது. காக்கிச் சட்டை எங்கேயும் இல்லை.

"காலையில பாதி வழியில மேல ஏறுச்சு. ஒண்ணு மேல ஒண்ணா" என்றார். கத்தவில்லை, கத்தியிருக்கலாம். "ஆபீஸ்ல சாப்பிடக்கூட குனிய முடியல. யாரு யாரு கேட்டீங்க?"

தெருவே வெளியே வந்தது.

"முகத்துவாரத்து விளக்கு எரியல" என்றார் அப்பா. "கடைசிக் கம்பத்துல வயர் அறுந்து தொங்குது. மத்ததெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம். இது இன்னைக்கே எரியணும்."

ஏன் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆறு கடலில் விழுகிற இடத்தில் மணல்திட்டு இருபுறமும் வளர்ந்து கிடக்கும், நடுவில் ஒரு படகு நுழையத்தான் வழி, அந்த உயர விளக்கை நேராகப் பிடித்துத்தான் இருட்டில் உள்ளே வர முடியும். கரையில் டார்ச் அடித்தால் எது வழி எது திட்டு என்று தெரியாது. ஐஸ் கம்பெனி ஜெனரேட்டர் தரையோடு பதிந்தது, தூக்கிப் போக முடியாது. என் கம்ப்யூட்டரை அங்கே கொண்டுபோய் மாட்டவும் வழியில்லை, ஜன்னல் சாரலில் நனைந்து கிடந்தது, காய நாளாகும். ஜெகன் வந்துகொண்டிருந்தால் இப்போது வந்துகொண்டிருப்பான்.

"இதோட ஏற முடியாதா அண்ணே?" என்றாள் தமயந்தி அக்கா. கேட்டதும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா இரும்புக் கையுறை மாட்டிய கையைத் தூக்கிக் காட்டினார். "ரப்பர் கையுறை இதுக்கு மேல ஏறாது. லைனை ஆப் பண்ணாலும் எவன் வீட்டு ஜெனரேட்டராவது தப்பா மாட்டியிருந்தா கரண்ட் திரும்பி வரும். இரும்பைப் போட்டுக்கிட்டு ஏறுனா நான்தான் வயரு." பிறகு எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார். "கேட்டவங்கதான் விடணும். மேலேருந்து ஒவ்வொண்ணா. வாங்க கம்பத்துக்கு."

கடைசிக் கம்பத்தடியில் மழையில் நின்றோம். மேலே இருந்தது போர்வை, எஸ்தர் டீச்சர் கேட்டது. "விட்டுட்டேன் வேதையன், விட்டுட்டேன்" என்றார் டீச்சர். போர்வை அசையவில்லை.

"டீச்சர், என்ன பயம் சொல்லுங்க."

"மழையில வழுக்கிருவீங்கன்னு."

"அப்ப என் இடுப்புக் கயிறு முடிச்சை நீங்களே போடுங்க." டீச்சர் கயிற்றை வாங்கி, சாரணர் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற முடிச்சைப் போட்டு, இழுத்துப் பார்த்து, அவிழ்த்து, இன்னும் நன்றாகப் போட்டு, மறுபடி இழுத்துப் பார்த்தார். போர்வை நழுவிச் சேற்றில் விழுந்தது. கயிறு மட்டும் இடுப்பில் நின்றது.

பிறகு ஊருக்குப் புரிந்துவிட்டது. சித்திரவேல் மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கிற வரைக்கும் இது ஆடாது, என் வயித்த நம்புங்க" என்று தொப்பையை ஏணியில் முட்டுக்கொடுத்தார், தோல் அங்கி விழுந்தது. மீரான் பாய் மடியிலிருந்து ஐஸ் கம்பெனி ஜெனரேட்டர் சாவியை எடுத்து, "ஐஸ் உருகுனா உருகட்டும், தம்பி" என்று அப்பா கையில் வைத்தார், அந்தக் கனமான மார்புத்தகடு விழுந்து என் கால் கட்டைவிரலுக்கு அரை சாண் தள்ளி மண்ணைக் குத்தியது. தமயந்தி அக்காவுடைய தலைக்கவசம்தான் வரவில்லை.

"எம் புருஷனுக்காக அண்ணி புருஷன ஏத்திவிட எனக்கு நெஞ்சு வரல" என்று அழுதாள்.

அம்மா அவளைத் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "அழுதுக்கிட்டு நிக்காத. அங்க லைனை ஆப் பண்ற சுவிட்ச் கம்பம் இருக்குல்ல? பூட்டித்தான் இருக்கு. இருந்தாலும் எவனாவது கிட்ட வந்தா கடிச்சு வை. போ." தமயந்தி அக்கா ஓடினாள். ஓடிய வேகத்தில் அங்கே இருந்த ஒரு நாயைக்கூட விரட்டினாள். இங்கே தலைக்கவசம் விழுந்தது.

அம்மா ரப்பர் கையுறைகளை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் காற்றை ஊதி, மணிக்கட்டுப் பக்கம் சுருட்டி இறுக்கி, விரல்கள் பொம்மிக்கொண்டு நிற்க, கன்னத்தோடு ஒட்டிவைத்து எங்காவது காற்று கசிகிறதா என்று பார்த்தாள். கசியவில்லை. இரும்புக் கையுறைகள் ரெண்டும் பழம் மாதிரி உதிர்ந்தன, அவள் முன்பு கேட்ட தோல் தொப்பியும் கூடவே விழுந்தது, தழும்பு வெளியே தெரிந்தது.

வளையச் சட்டை மட்டும் மிச்சம். என்னுடையது. வெறும் உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது, தோள் சிராய்த்துச் சிவந்திருந்தது.

"விழு" என்றேன். விழவில்லை. "அபி, ஏதாச்சும் புடி, எதையாச்சும் செய்" என்றார் சித்திரவேல் மாமா. பிடிக்க எதுவும் மிச்சம் இல்லை. கயிறு, ஏணி, சாவி, சுவிட்ச், கையுறை எல்லாம் போய்விட்டது. மேகத்துக்குக் கீழே வெளிச்சம் ஒரு பட்டைதான் இருந்தது.

"எனக்கு பயமா இருக்கு" என்றேன். "பொய் சொல்லி விழவைக்க முடியாது. நீ மேல போனா செத்துருவியோன்னு பயமா இருக்கு. ஏறாதன்னு சொல்லவும் முடியல, ஜெகன் அண்ணன் வரும். என்னைய என்ன பண்ணச் சொல்ற?"

அப்பா இடுப்புக் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

எனக்குக் கோபம் வந்தது, ஏன் வந்தது என்று தெரியவில்லை. "ஊர்ல நாய்க்குக்கூட கவசம் கேட்டாங்க. நீ எனக்கு ஒண்ணே ஒண்ணு கேட்டியா? நான் பள்ளிக்கூடத்த விட்டதுல இருந்து உனக்கு என்மேல எதுவுமே இல்லல்ல?"

கூட்டத்தில் யாரோ "ஏய்" என்றார்கள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"டி.சி. வாங்க ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா? பேனா எழுதல. நாலு தடவ உதறுனேன்."

"ஆமா."

"பேனா நல்லாத்தான் எழுதுச்சு. கைதான் எழுதல. இந்தப் புள்ள வெளிய போயி என்ன ஆவாளோன்னு. கையெழுத்துப் போடாம இருந்திருந்தா நீ அங்கேயே உக்காந்து செத்திருப்ப, அதுவும் தெரியுது. போட்டேன்." அவர் வளையச் சட்டையை விரலால் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார், அரிப்பு போல. "உனக்குக் கவசம் கேட்டா வரும்னு எனக்குத் தெரியும். நான் கேட்டா எவ்வளவு வரும்னும் தெரியும். உன்னால நடக்க முடியாது. அதான் கேக்கல. பயம் போனதால இல்ல புள்ள. பயத்த கைல வெச்சுக்கிட்டேன், உன்மேல போடல."

பயம் போகவில்லை. அது அப்படியே இருந்தது, ஆனால் அவர் உடம்பிலிருந்து கிளம்பி என் கைக்கு வந்துவிட்டது. கனம் எனக்குத்தான். வளையச் சட்டை ஆயிரம் சில்லறை கொட்டிய சத்தத்தோடு அவர் கால்களைச் சுற்றி விழுந்தது.

அம்மா முந்தானைக்குள் நனையாமல் வைத்திருந்த மாற்றுக் காக்கிச் சட்டையை நீட்டினாள். அப்பா போட்டார், ரப்பர் கையுறையை மாட்டினார், ஏணியில் கால் வைத்தார். லேசாக ஏறினார். ஓணான் மாதிரி ஏறினார். என்னைத் தவிர ஊர் முழுக்க இரும்பில் நின்றது, ஒரே ஒரு ஆள் மட்டும் நனைந்த பருத்தியில் மேலே இருந்தார். நான் கண்ணை மூடவில்லை. எல்லோரும் மூடினார்கள், எனக்கு அது மட்டும்தான் வேலையாக இருந்தது, பார்ப்பது.

அவர் இறங்கி, தமயந்தி அக்காவிடம் போய், பூட்டைத் திறந்து, கைப்பிடியைத் தள்ளியபோது முகத்துவாரத்தில் விளக்கு எரிந்தது. கடலில் ரொம்ப நேரம் எதுவும் இல்லை. பிறகு விளக்குக்கு நேராக ஒரு இருட்டு, இருட்டுக்குள் ஒரு இஞ்சின் சத்தம், சத்தத்துக்குள் ஜெகனின் கெட்ட வார்த்தை, மணல்திட்டைப் பார்த்துத் திட்டிக்கொண்டே வந்தான். தமயந்தி அக்கா அதைவிடப் பெரிய கெட்ட வார்த்தையால் பதில் சொல்லிக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கினாள்.

அப்பா சேற்றில் கிடந்த வளையச் சட்டையைக் காலால் புரட்டிப் பார்த்தார். "நல்லா பின்னியிருக்கு. வீணாக்காத, கோழிக் கூண்டுக்கு ஆகும்" என்றார். ஆகிவிட்டது. கீரி அதற்குப் பிறகு கிட்ட வரவில்லை.

ஊர் இன்னும் கவசத்தில்தான் இருக்கிறது, எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டு. குகைக்கோட்டையில் வேதையன் என்ற குள்ளன் வெறும் சட்டையோடு வாசலில் நிற்கிறான், அவனுக்கு நான் எதுவும் போடுவதில்லை, ஜன்னலுக்கு யாரும் வந்து கேட்பதும் இல்லை. காலையில் அப்பா சாப்பிடும்போது நான் ரப்பர் கையுறைகளை எடுத்து, காற்றை ஊதி, சுருட்டி, கன்னத்தோடு வைத்துப் பார்க்கிறேன். கசிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுப்பேன். கசியாவிட்டால் கொடுப்பேன்.

"சரியா இருக்கா?" என்பார்.

"இருக்கு. போ" என்பேன்.